அணி மாறும் உரிமை யாருக்கு?

2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசிய சீனியர் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப்பில், பெண்கள் பிரிவின் இறுதியாட்டத்தில் கேரளம் ரயில்வே அணியைத் தோற்கடித்தது. அதுவரை பெரும்பாலும் ரயில்வேயின் கையிலேயே இருந்துவந்த பட்டம் அது. அந்த வெற்றியின் வேரைத் தேடிப்போனால் திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் உள்ள வைத்யுதி பவனத்துக்கு, அதாவது கேரள மாநில மின்வாரியத்தின் தலைமையகத்துக்கு, வந்து சேர்வோம்.

தேசியப் போட்டியில் மாநிலங்களோடு சரிசமமாக ரயில்வே துறையும் ஓர் அணியை இறக்குகிறது. கோட்டயத்தில் வளர்ந்த பெண்ணாக இருந்தாலும் சென்னையில் வளர்ந்த பெண்ணாக இருந்தாலும், ரயில்வே வேலையில் சேர்ந்தபின் தேசியப் போட்டியில் ரயில்வே சட்டையைத்தான் அணிவார். பிறந்த மாநிலம் எதிரணியாகிவிடும். மின்வாரிய வேலைக்கு இந்த நிபந்தனை கிடையாது. மின்வாரியத்தில் சேர்ந்தவர் ஆண்டு முழுக்க வாரிய அணிக்கு ஆடிவிட்டு, தேசியப் போட்டி வரும்போது கேரளத்துக்காக இறங்கலாம். வயநாட்டின் படிஞ்ஞாறத்தறையிலிருந்து வந்து இந்திய அணியின் கேப்டனாகவும் உயர்ந்த பி.எஸ். ஜீனா மின்வாரிய வீராங்கனைதான். கல்லூரி முடித்த பெண்களுக்கு மின்வாரியம் சொந்த மாநிலத்திலேயே வேலை கொடுத்ததால்தான், ரயில்வே அள்ளிக்கொண்டு போயிருக்கக்கூடிய திறமையில் ஒரு பகுதி கேரளத்தில் தங்கியது.

ஆட்டக்காரர் எந்த அணிக்குப் போகிறார், யாருடைய விருப்பத்தின் பேரில் போகிறார், எந்தக் கட்டத்தில் போகிறார் என்பதெல்லாம் கோப்பையின் முகவரியையே மாற்றக்கூடியவை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இந்தக் கேள்வி கடந்த பத்தாண்டுகளில் நீதிமன்றம்வரை போய்விட்டது. நம் ஊர்க் கல்லூரிகளில் இது பேச்சாகக்கூட எழுவதில்லை. பாயிண்ட் கார்டு ஆடுகிற ஒரு கல்லூரிப் பெண்ணை மனத்தில் வைத்து இதை ஆராய்ந்து பார்க்கலாம். அணி மாற்றத்தால் அதிகம் பெறக்கூடியவரும் அதிகம் இழக்கக்கூடியவரும் அவர்தான்.

பாயிண்ட் கார்டின் வேலை கடிகாரத்தோடு கட்டுண்டது. சர்வதேச விதிப்படி பந்து கைக்கு வந்த 8 நொடிக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். 24 நொடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். நடுக்கோடு தாண்டியபின் மிஞ்சுவது பதினாறு, பதினேழு நொடிகள். அதற்குள் எந்த நகர்வைத் தொடங்குவது, யாரைத் திரையாக நிறுத்துவது, யாருக்கு எந்தக் கையில் பந்தைக் கொடுப்பது என்பதையெல்லாம் அவர் முடிவு செய்கிறார். சென்டருக்கு உயரம் துணை. தூரத்திலிருந்து எறிபவருக்கு மணிக்கட்டு துணை. அந்த இரண்டையும் எந்த அணிக்கும் கொண்டுபோய்விடலாம். பாயிண்ட் கார்டின் முதலோ தன் நான்கு தோழிகளைப் பற்றிய அறிவு: யார் ஓடிக்கொண்டே பந்தை வாங்குவார், யாருக்கு நின்ற இடத்தில் வேண்டும், தோற்றுக்கொண்டிருக்கும்போது யார் பந்தைக் கேட்பார், யார் ஒதுங்குவார். இந்த அறிவு ஒரே அணியில் மாதக்கணக்கில் ஆடிச் சேர்வது. அணி மாறிய அன்று அதில் பெரும்பகுதி செல்லாததாகிவிடுகிறது.

அவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான பயிற்சியாளர்கள் ஒரு நேரத்தில் ஒரு பாயிண்ட் கார்டைத்தான் களத்தில் வைத்திருப்பார்கள். நல்ல ஃபார்வர்டுகள் மூன்று பேர் வந்தால் மூவரையும் சேர்த்து ஆட வைக்கலாம். நல்ல பாயிண்ட் கார்டுகள் இருவர் ஒரே கல்லூரியில் சேர்ந்துவிட்டால் ஒருவர் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். கல்லூரி ஆட்டக்காலம் மூன்று ஆண்டு, மிஞ்சினால் நான்கு. மூத்தவர் படிப்பை முடித்துப் போகும்வரை காத்திருந்தால் அதில் பாதி கரைந்துவிடும்.

கேரளத்தில் இப்படிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்ட பெண்ணுக்கு என்ன வழி? அதற்குப் பல்கலைக்கழகங்களின் அமைப்பைப் பார்க்க வேண்டும். 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியதுதான் இன்றைய கேரளப் பல்கலைக்கழகம். 1968-இல் கோழிக்கோடு, 1983-இல் கோட்டயத்தில் மகாத்மா காந்தி, 1996-இல் கண்ணூர் என்று புதிய பல்கலைக்கழகங்கள் பிறந்தன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளில் ஆடுவது கல்லூரி அணி அல்ல, பல்கலைக்கழக அணி. சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரி மாணவி தென்மண்டலப் போட்டிக்கு மகாத்மா காந்தி பல்கலைக்கழகச் சட்டையில் போவார். திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் உள்ள மார் இவானியோஸ் கல்லூரியில் படிப்பவர் போவது கேரளப் பல்கலைக்கழகச் சட்டையில். சங்கனாச்சேரியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அந்தத் தொலைவுக்கு ஒரு பெண் கல்லூரி மாறினால் பல்கலைக்கழகம், பாடத்திட்டம், மண்டலப் போட்டிக்கான தேர்வு எல்லாமே மாறிவிடும்.

போட்டியில் யாருடைய சட்டை என்பது வேலைவாய்ப்பையும் தொடுகிறது. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு விதிகளில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருப்பது ஒரு தகுதி. கேரள அரசு விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்கு 50 வேலைகளை ஒதுக்குகிறது. அதிலும் சான்றிதழே பேசும். பெஞ்சில் கழித்த இரண்டு ஆண்டுகளுக்குச் சான்றிதழ் கிடையாது. ஒரு பயிற்சியாளர் யாரை ஆட வைப்பது என்று மாலையில் எடுக்கும் முடிவு, பத்தாண்டு கழித்து ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தில் தெரியும். கேரளத்தில் பெண்கள் கூடைப்பந்து இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்குக் காரணமே இந்த வேலைதான் என்று நான் கருதுகிறேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிகளும் கல்லூரிகளும் பெண்களுக்குக் களம் கொடுத்தன. மாநில விளையாட்டுக் கவுன்சிலின் விடுதிகள் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தன. இவற்றின் முடிவில் அரசு வேலை இருக்கிறது என்ற நம்பிக்கைதான் பெற்றோரைச் சம்மதிக்க வைத்தது.

கீது அன்னா ஜோஸின் வாழ்க்கை இந்தப் பாதையின் உச்சம். கோட்டயம் அருகே கொல்லாட்டில் 1985-இல் பிறந்தவர். முதலில் கைப்பந்து ஆடினார். பிறகு கூடைப்பந்துக்கு வந்தார். அசம்ப்ஷன் கல்லூரியில் படித்து, சென்னையில் தெற்கு ரயில்வேயில் சேர்ந்தார். 2006-இலிருந்து சில பருவங்கள் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011-இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்தின் மூன்று அணிகள், சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ், அவரைச் சோதனைக்கு அழைத்தன. 2014-இல் அர்ஜுனா விருது. அவர் சென்டர், ஆறடிக்கு மேல் உயரம். எங்கே போனாலும் அந்த உயரம் கூடவே போயிற்று. அதே கல்லூரியில் அதே காலத்தில் ஆடிய ஐந்தரை அடிப் பாயிண்ட் கார்டுக்கு இப்படி ஒரு பாதை திறந்திருக்குமா? திறமை சமமாகவே இருந்தாலும் திறந்திருக்காது என்றுதான் சொல்வேன். பாயிண்ட் கார்டைத் தேர்ந்தெடுப்பவர் அவர் ஆட்டத்தை நடத்துவதைப் பார்த்தாக வேண்டும். அதற்கு அவர் ஆடுகிற அணியில் இருந்தாக வேண்டும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவி கல்லூரியை விட்டால் விடுவது வகுப்பை மட்டுமல்ல. இடம் கிடைத்ததே ஆட்டத்துக்காக. விடுதிக் கட்டில், சாப்பாடு, ஷூ, பயணச் செலவு எல்லாம் அதோடு ஒட்டியவை. அணியை விட்டு விலக நினைக்கும் பெண் இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் இழக்கத் தயாராக இருக்க வேண்டும். வசதியான வீட்டுப் பெண்ணால் ஒருவேளை முடியும். கூடைப்பந்தின் மூலம் மட்டுமே கல்லூரி வாசலை மிதித்த பெண்ணால் முடியாது.

இதன் ஆபத்தான பக்கத்தையும் பேசியே ஆக வேண்டும். 2022 ஏப்ரலில், பாட்னாவில் ரயில்வே வேலையில் இருந்த, கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த இளம் கூடைப்பந்து வீராங்கனை ஒருவர் தன் வாடகை வீட்டில் இறந்து கிடந்தார். பயிற்சியாளர் துன்புறுத்தினார் என்பது குடும்பத்தின் புகார். அந்த வழக்கின் உண்மையைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் வேறு. கல்லூரியானாலும் துறை அணியானாலும், படுக்கும் இடம், உண்ணும் உணவு, ஆடும் வாய்ப்பு, பெறும் சான்றிதழ் எல்லாம் ஒரே மனிதரின் கையெழுத்தில் தொங்கும்போது, அந்த மனிதரை விட்டு விலகிச் செல்லும் வழி இருப்பதே ஒரு பாதுகாப்பு. அணி மாறும் உரிமையை ஆட்டத் தந்திரமாகவோ பேராசையாகவோ பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவிலும் அந்த உரிமை யாரும் மனமுவந்து கொடுத்ததல்ல. நெடுங்காலம் அங்கே கல்லூரி மாறிய கூடைப்பந்து வீரர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்பது விதி. பயிற்சியாளர் மட்டும் எந்தத் தடையுமின்றி அடுத்த கல்லூரிக்குப் போய் அடுத்த பருவத்திலேயே பெஞ்சருகே நிற்கலாம். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வருண் ராம் அந்தப் பழைய விதியின் காலத்தவர். 5 அடி 9 அங்குலம் உயரமுள்ள பாயிண்ட் கார்டு. ஹார்ட்ஃபோர்டில் உள்ள டிரினிட்டி என்ற சிறிய கல்லூரியில் மூன்றாம் பிரிவில் தொடங்கி, தன் சொந்த மாநிலத்தின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். உதவித்தொகை இல்லாமல் அணியில் இடம்பிடித்தார். படித்தது நரம்பு உயிரியல். அவர் பெயர் நாடெங்கும் கேட்டது ஒரே ஓர் ஆட்டத்தால்: 2015 மார்ச் 20 அன்று தேசியத் தொடரில் வால்பரைசோ அணி சமன் செய்ய முயன்ற கடைசி நொடியில், பந்து வைத்திருந்தவரை எறியவிடாமல் தடுத்தது ராம். மேரிலாண்ட் 65-62 என்று வென்றது. வாய்ப்பு குறைந்த இடத்திலிருந்து நகர்ந்து, சம்பளமோ உதவித்தொகையோ இல்லாமல் பெஞ்சில் பொறுமையாகக் காத்திருந்த ஒருவருக்குக் கிடைத்த நொடி அது. எனக்கு மிகவும் பிடித்த அணி மாற்றக் கதை இதுதான்.

2018 அக்டோபரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மாற்றம் கோருவோருக்கென ஓர் இணையப் பதிவேட்டைத் திறந்தது. அதற்குப்பின் பழைய கல்லூரியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பெயரைப் பதிந்தால் போதும். 2021-இல் முதல் மாற்றத்துக்குக் காத்திருப்பு ஆண்டு நீங்கியது. அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பர வருமானம் ஈட்டலாம் என்றானது. 2023 டிசம்பரில் சில மாநிலங்கள் தொடுத்த வழக்கில், மீதமிருந்த காத்திருப்பு விதிக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது; 2024 ஏப்ரலில், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்று சங்கமே விதியைத் திருத்தியது. 2025 ஜூனில் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரும் உடன்பாட்டை நீதிபதி ஏற்றார்.

இந்தப் புதிய காலத்தின் பாயிண்ட் கார்டு ஹெய்லி வான் லித். லூயிவில் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் ஆடியவர். 2022-23 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 19.7 புள்ளிகள். 2023-இல், அந்த ஆண்டின் தேசியச் சாம்பியனான லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே அவரைப் பாயிண்ட் கார்டாக நிறுத்தினார்கள். சராசரி 11.6-க்குச் சரிந்தது. புள்ளி எடுத்துப் பழகியவர் மற்றவர்களுக்குப் பந்து பிரித்துக் கொடுக்கும் வேலையில், அதுவும் அறிமுகமற்ற அணியில், தடுமாறினார். ஓராண்டில் மீண்டும் மாறினார், இம்முறை டெக்சாஸின் டி.சி.யு.வுக்கு. அவரைச் சுற்றியே ஆட்டமுறை அமைந்தது. சராசரி 17.9 ஆக ஏறியது. தம் போட்டிக் குழுவின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அந்தக் கல்லூரி வரலாற்றில் முதன்முறையாக தேசியத் தொடரின் கடைசி எட்டுக்குள் வந்தது. 2025-இல் சிகாகோ ஸ்கை அணி அவரை 11-ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. டி.சி.யு.வில் அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு நோத்ர டாம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சேர்ந்தவர் ஒலிவியா மைல்ஸ். அவரும் பாயிண்ட் கார்டு.

இரண்டு மாற்றங்களில் ஒன்று தோற்றது, ஒன்று வென்றது. ஆளும் திறமையும் ஒன்றே. வேறுபட்டது, புதிய அணி அவரிடம் என்ன கேட்டது என்பதுதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, முதல் மாற்றம் தவறிப்போனபோது அதைத் திருத்திக்கொள்ள அவருக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. பழைய விதியில் சிக்கிய ஆட்டக்காரர் ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது பொருந்தாத இடத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுப் பெண்களும் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள், ஆனால் அமெரிக்காவுக்குப் போனபின். 2010-இல் ஃப்ளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு இந்தியச் சிறுவர் சிறுமியரில் ஒருவர் வாரணாசியைச் சேர்ந்த பர்கா சோன்கர். அவரும் பாயிண்ட் கார்டு. ஹில்ஸ்பரோ என்ற ஈராண்டுக் கல்லூரியில் ஆடிவிட்டு, கென்டக்கியின் லிண்ட்சி வில்சன் கல்லூரிக்கு மாறினார். படித்த மதிப்பெண்களும் ஆடிய ஆண்டுகளும் புதிய கல்லூரியில் கணக்கில் வந்தன. வாரணாசியிலிருந்து போன பெண்ணுக்குக் கென்டக்கியில் கிடைத்த இந்த வசதி, சங்கனாச்சேரியிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போக நினைக்கும் பெண்ணுக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

மறுபக்கம் சொல்பவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் இன்று சிறிய கல்லூரிகள் ஒரு வீரரை வளர்த்தெடுத்த மறு ஆண்டே பெரிய கல்லூரிகளிடம் இழக்கின்றன. ஒவ்வொரு வசந்தத்திலும் பயிற்சியாளர்கள் அணியைப் புதிதாகக் கட்டுகிறார்கள். இங்கே இன்னும் கடுமையாக இருக்கும். கிராமத்துப் பள்ளியில் ஒரு சிறுமியைக் கண்டெடுத்து, வீட்டாரிடம் பேசி, ஐந்தாறு ஆண்டு உழைத்து உருவாக்கிய பயிற்சியாளருக்குக் கேரளத்தில் கிடைப்பது பெரும்பாலும் அணியின் வெற்றி மட்டும்தான். இப்போதே பிளஸ் டூ முடித்த கேரளப் பெண்களைச் சென்னையின் தனியார் பல்கலைக்கழகங்கள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்கின்றன. நடுவிலும் மாறலாம் என்றால் பணமுள்ள நிறுவனத்துக்கே எல்லோரும் போய்விடமாட்டார்களா?

சிலர் போவார்கள்தான். ஆனாலும் இந்த இழப்பை வீராங்கனையின் கையைக் கட்டித்தான் ஈடுசெய்ய வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வளர்த்த பள்ளிக்கும் கல்லூரிக்கும் விளையாட்டுக் கவுன்சில் நேரடியாக நிதி தரலாம். சான்றிதழில் வளர்த்தவரின் பெயரும் இடம்பெறலாம். எல்லையற்ற மாற்றமும் எனக்கு உவப்பில்லை. ஆண்டுக்கு ஓர் அணி என்று அலையும் பாயிண்ட் கார்டு ஆட்டத்தை ஆழமாகக் கற்க மாட்டார். பட்டப்படிப்புக் காலத்தில் காரணம் கேட்காத ஒரு மாற்றம், பாதுகாப்புக் காரணத்துக்கு எந்நேரமும் மாற்றம் என்பது போதும்.

இதற்கான பாதி வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது. கல்வி மதிப்பெண்களைச் சேமித்து ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் தேசியக் கணக்கு 2021-இல் வந்தது. கேரளம் 2024 ஜூலை 1 அன்று நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. திருவனந்தபுரம் அரசு மகளிர் கல்லூரியில்தான் மாநில அளவிலான தொடக்க விழா நடந்தது. மாணவர்கள் நடுவில் கல்லூரி மாறுவதை எளிதாக்குவதும் அந்தச் சீர்திருத்தத்தின் நோக்கங்களில் ஒன்று. இயற்பியல் மாணவி தன் மதிப்பெண்களோடு நகரலாம் என்றால், விளையாட்டு ஒதுக்கீட்டு மாணவி தன் இடத்தோடும் விடுதிக் கட்டிலோடும் நகர முடிய வேண்டும்.

கேரளத்தின் பல்கலைக்கழகங்களும் மாநில விளையாட்டுக் கவுன்சிலும் கூடிப் பேச வேண்டும்.  அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை அறிவிப்பிலேயே விளையாட்டு ஒதுக்கீட்டு மாணவர்களுக்கான மாற்ற விதியை அச்சிட வேண்டும்: எந்த மாதத்தில் விண்ணப்பிக்கலாம், விடுதி எப்படிக் கூடவே மாறும், புதிய பல்கலைக்கழகத்துக்கு எந்தப் பருவத்திலிருந்து ஆடலாம், பழைய பயிற்சியாளரின் ஒப்புதல் தேவையில்லை என்பது உட்பட. பொறியியல் சேர்க்கையில் 500 இடங்களை விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கும் தமிழ்நாடும் இதைச் செய்யலாம். மகளைக் கூடைப்பந்து விடுதியில் சேர்க்கப்போகும் பெற்றோர், கட்டணத்தையும் சாப்பாட்டையும் விசாரிக்கும்போதே இதையும் கேளுங்கள்: இந்த இடம் பொருந்தாவிட்டால் என் மகள் எப்படி வெளியே வருவாள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.